பட்டம் இருக்கு, பத்தாவது இல்லை! அரசு வேலை படிப்புத் தகுதி பற்றி கோர்ட்டுகள் சொன்னது என்ன?

மணலி புதுநகர்,-

ஒருவர் கையில் பி.ஏ. பட்டம் இருக்கிறது. ஆனால் பத்தாவது பாஸ் செய்தவர்களுக்கான அரசு வேலை கூட அவருக்கு கிடைக்காது!

இன்னொருவர் பி.இ. படித்தவர். டிப்ளமோ படித்தவருக்கான வேலைக்கு மனு போட்டார். "படிப்பு ஜாஸ்தி" என்று மனுவை தள்ளிவிட்டார்கள்!

மூன்றாவது ஆளுக்கு "போதிய படிப்பு இல்லை" என்று அதிகாரிகளே சொன்னார்கள். ஆனால் அவருக்கு வேலை நிரந்தரம் ஆனது!

மூன்றுமே கோர்ட்டு படி ஏறிய பிரச்சினைகள். அரசு வேலைக்கு எவ்வளவு படிப்பு வேண்டும், அதை முடிவு செய்வது யார், படிப்பு குறைந்தால் வேலை போகுமா என்று 50 ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு நடக்கிறது.

கோர்ட்டுகள் சொல்லி இருப்பதை மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சிலருக்கு இது பரீட்சை பீஸ் மிச்சம். சிலருக்கு வேலையே மிச்சம்!

டீக்கடை பேச்சு

மணலி புதுநகரில் காலை ஷிப்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரம். திருவொற்றியூர்-பொன்னேரி சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டீக்கடையில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்:-

"இன்னாப்பா, பி.ஏ. முடிச்சிட்டியாமே?"

"முடிச்சிட்டேண்ணே. எட்டாவதோட நின்னுட்டேன் இல்லையா, அதனால நேரா தபால்ல சேர்ந்து முடிச்சேன். இப்ப அரசு வேலைக்கு இது செல்லாதுன்றாங்க."

"இன்னாடா இது? பெரிய படிப்பே இருக்கும்போது சின்னப் படிப்பு எதுக்கு?"

"அதத்தாண்ணே நானும் கேட்டேன். பத்தாவது எங்கன்னு கேட்டான்."

அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். இதற்கான பதில் தரமணியில் இருந்து தொடங்குகிறது.

தரமணி வழக்கு

சென்னை தரமணியில் தமிழக அரசின் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. அதன் முதல்வர் பதவி பற்றி ஒரு வழக்கு வந்தது.

பதவியில் இருந்தவர் முதல் பட்டம் வாங்காமல், திறந்தவெளி பல்கலைக்கழக முறையில் நேரடியாக எம்.ஏ. பட்டம் வாங்கியவர். "பி.ஏ. இல்லாத எம்.ஏ. செல்லுமா?" என்று போட்டியாளர் கோர்ட்டுக்கு போனார்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. பட்டம் கொடுத்த அண்ணாமலை பல்கலைக்கழகமும் அப்பீல் செய்தது.

2009-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. பல்கலைக்கழக மானியக்குழு 1985-ம் ஆண்டு விதிமுறைகள் வகுத்து இருக்கிறது, முதல் பட்டம் இல்லாமல் முதுகலைப் பட்டம் கொடுக்க அதில் இடம் இல்லை, திறந்தவெளி முறையில் நடத்தினாலும் அந்த விதி கட்டுப்படுத்தும் என்பது தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாக சீர்திருத்தத் துறை ஒரு உத்தரவு போட்டது. அரசாணை எண் 107.

பத்தாவதும், பிளஸ்-2-வும் பாஸ் செய்த பிறகு திறந்தவெளி பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்கும், பதவி உயர்வுக்கும் செல்லும் என்று அந்த உத்தரவு கூறியது.

படி ஏறுகிற மாதிரிதான். பத்து, பிறகு பனிரெண்டு, பிறகு பட்டம். நடுவில் ஒரு படியை தாண்டிக் குதித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் போக முடியாதவர்களுக்காகத்தான் திறந்தவெளி படிப்பே வந்தது. 18 வயது ஆகிவிட்டால் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு நேராக பட்டப்படிப்பில் சேரலாம் என்ற வசதியும் இருந்தது. பகலில் கம்பெனி, ராத்திரியில் படிப்பு என்று கஷ்டப்பட்டு பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

அவர்களின் அறிவை கோர்ட்டு குறை சொல்லவில்லை. பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால் அரசு வேலைக்கான விதியில் அது உட்காரவில்லை. அவ்வளவுதான்!

படிப்பு கூடினாலும் ஆபத்து

படிப்பு குறைந்தால்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கூடினாலும் பிரச்சினைதான்.

வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை 2021-ம் ஆண்டு முதல் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. திருவொற்றியூர் வாலிபர்கள் பலருக்கு மெட்ரோவில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்டு.

அந்த மெட்ரோ நிறுவனம் டிப்ளமோ தகுதிக்கு ஆட்கள் எடுத்தபோது, பி.இ. படித்த ஒரு பெண் மனு செய்தார். படிப்பு அதிகம் என்று அவருடைய மனு நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை ஐகோர்ட்டில் வழக்கு போட்டார். 2019-ம் ஆண்டு அந்த வழக்கு தள்ளுபடி ஆனது. அதிக படிப்பு உள்ளவர்கள் மனு செய்யக்கூடாது என்று விளம்பரத்திலேயே சொல்லி இருந்ததுதான் காரணம்.

அடுத்த ஆண்டே சுப்ரீம் கோர்ட்டில் இன்னொரு வழக்கு. ஒடிசா மாநிலத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு ஆள் எடுத்தது. பிளஸ்-2 பாஸ் செய்து இருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. வேலை கிடைத்த ஒருவர் தான் பட்டதாரி என்பதை மறைத்து இருந்தார். விஷயம் தெரிந்ததும் வங்கி வேலையை விட்டு நிறுத்தியது.

ஐகோர்ட்டு அவருக்கு சாதகமாக தீர்ப்பு சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு 2020-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி அதை ரத்து செய்தது. உண்மையை மறைத்தவர் வேலையை உரிமையாக கேட்க முடியாது என்று நீதிபதிகள் கூறினார்கள்.

வயிற்றுப் பிழைப்புக்காக பட்டத்தை மறைக்கும் நிலை! கேட்டால் சிரிப்பும் வருகிறது, வேதனையும் வருகிறது.

யாருக்கு அதிகாரம்?

"இந்த வேலைக்கு இந்தப் படிப்பு வேண்டும் என்று முடிவு செய்வது யார்?"

வேலை கொடுக்கும் அரசுதான் என்கின்றன கோர்ட்டுகள். கோர்ட்டு தானாக ஒரு தகுதியை கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விதி அநியாயமாக இருக்கிறதா, வேலைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும்.

இதற்கு பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஐதராபாத் மாநிலத்தில் வரைபடம் நகல் எடுக்கும் டிரேசர்கள் அனைவரும் ஒரே பிரிவில் இருந்தார்கள். 1956-ம் ஆண்டு மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது சிலர் மைசூர் மாநிலத்துக்கு வந்தார்கள். மைசூர் அரசு அவர்களை இரண்டாக பிரித்தது. மெட்ரிக் பாஸ் செய்தவருக்கு ஒரு சம்பளம், பாஸ் செய்யாதவருக்கு அதைவிட குறைந்த சம்பளம்.

"ஒரே மேஜை, ஒரே பென்சில், ஒரே வேலை. சம்பளம் மட்டும் வேறா?" என்ற கேள்வியோடு வழக்கு வந்தது. ஐகோர்ட்டில் தொழிலாளி ஜெயித்தார். சுப்ரீம் கோர்ட்டில் 1967-ம் ஆண்டு அரசு ஜெயித்தது. படிப்பை வைத்து பிரிப்பது சமத்துவத்துக்கு விரோதம் இல்லை என்பது தீர்ப்பு.

1973-ம் ஆண்டு காஷ்மீர் என்ஜினீயர்கள் வழக்கிலும் 5 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு இதே வழியில் போனது. டிகிரி படித்தவருக்கு மட்டும் பதவி உயர்வு என்ற விதி நின்றது. ஆனால் இப்படி பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் சமத்துவமே காணாமல் போகும் என்ற எச்சரிக்கையும் அந்த தீர்ப்பில் சேர்ந்தே வந்தது.

அமெரிக்க மின் நிலையம்

அமெரிக்காவில் இதே கேள்விக்கு வேறு பதில் கிடைத்தது.

வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் என்ற தனியார் கம்பெனியின் அனல் மின் நிலையம். நம் எண்ணூரில் 1970 முதல் 2017 வரை ஓடிய மின் நிலையம் போல நிலக்கரியில் ஓடிய நிலையம்தான் அதுவும். அங்கே கறுப்பின தொழிலாளர்களுக்கு கூலி வேலைப் பிரிவில் மட்டும்தான் இடம். வேறு பிரிவுக்கு போக வேண்டும் என்றால் உயர்நிலைப் பள்ளி சர்டிபிகேட்டு வேண்டும் என்றார்கள்.

ஆனால் அந்த சர்டிபிகேட்டு இல்லாத வெள்ளைக்கார தொழிலாளர்கள் ஏற்கனவே அந்தப் பிரிவுகளில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டு இருந்தார்கள்!

வில்லி கிரிக்ஸ் என்ற தொழிலாளியும் அவருடைய கூட்டாளிகளும் வழக்கு போட்டார்கள். 1971-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவர்களுக்கு சாதகமாக தீர்ப்பு சொன்னது. கேட்கும் படிப்பு அந்த வேலையை செய்ய உண்மையில் தேவைப்படுகிறதா என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இனத்தை வெளியே நிறுத்தும் அந்த நிபந்தனை செல்லாது என்றது.

வேலைக்கு ஏற்ற படிப்பைக் கேட்டதற்கு நம் ஊரிலும் உதாரணம் உண்டு. தமிழ்நாடு மின்வாரியம் 2019-ம் ஆண்டு கேங்மேன் வேலைக்கு ஆட்கள் கேட்டபோது 5-ம் வகுப்பு படிப்பு போதும் என்றது. மின்கம்பம் ஏறும் திறமையை பரீட்சை வைத்துப் பார்த்தார்கள்.

டெல்லி தொழிலாளர்கள்

இதுவரை சொன்னது பெரும்பாலும் வாசலில் நிற்பவர்கள் கதை. ஏற்கனவே உள்ளே வந்து வேலை பார்ப்பவர்கள் கதை வேறு.

டெல்லி மாநில கனிம வளர்ச்சிக் கழகத்தில் 1983-க்கும் 1986-க்கும் இடையே பலர் தினக்கூலியாக சேர்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். நிரந்தரம் கேட்டபோது நிர்வாகம் கைவிரித்தது. "உங்களில் சிலருக்கு அந்த வேலைக்கான படிப்பு இல்லை" என்றது.

அவர்கள் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார்கள். 1989-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி தீர்ப்பு வந்தது.

குறைந்தபட்ச படிப்புத் தகுதி முக்கியம்தான், ஆனால் அது வேலையில் சேரும்போது பார்க்க வேண்டிய விஷயம், ஒருவரை சேர்த்துக்கொண்டு நீண்ட காலம் வேலை வாங்கிய பிறகு படிப்பு இல்லை என்று நிரந்தரம் மறுப்பது கொடுமை என்று நீதிபதிகள் கருதினார்கள். அந்த வழக்கில் 3 ஆண்டு அனுபவம் போதும் என்றார்கள். நிர்வாகம் வேண்டுமென்றே நடுவில் சில நாள் நிறுத்தி இருந்தால் அதை கணக்கில் எடுக்கக்கூடாது என்றும் சொன்னார்கள்.

கை பழகிய வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்த தீர்ப்பு அது.

2006-ல் கடிவாளம்

ஆனால் அந்த சந்தோஷம் எல்லாருக்கும் நீடிக்கவில்லை. 2006-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி கர்நாடக அரசின் தினக்கூலி ஊழியர்கள் வழக்கில் 5 நீதிபதிகள் பெஞ்சு கடிவாளம் போட்டது. உமாதேவி வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

முறைப்படி ஆள் எடுக்காமல் உள்ளே வந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாக கேட்க முடியாது என்றது அந்த தீர்ப்பு. பின்வாசல் வழியாக வேலை கொடுத்தால் எம்ப்ளாய்மெண்டு ஆபீசில் பதிந்துவிட்டு காத்து இருப்பவன் கதி என்ன என்பது அதன் பின்னால் உள்ள நியாயம். அதுவும் மறுக்க முடியாத கேள்விதான்.

ஒரே ஒரு சலுகை தரப்பட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், உரிய தகுதியோடு, கோர்ட்டு உத்தரவு துணை இல்லாமல் 10 ஆண்டு வேலை பார்த்தவர்களை ஒரு முறை மட்டும் நிரந்தரம் ஆக்க அரசுகள் பரிசீலிக்கலாம்.

"உரிய தகுதியோடு" என்ற இடத்தில் சர்டிபிகேட்டு மறுபடியும் உள்ளே வந்துவிட்டது!

2024 தீர்ப்பு

மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்துவந்த சிலரை 2018-ம் ஆண்டு அக்டோபர் மாதம் திடீர் என்று நிறுத்திவிட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள் அவர்கள்.

கோர்ட்டில் அதிகாரிகள் எடுத்த வாதங்களில் ஒன்று, இவர்களுக்கு நிரந்தர வேலைக்கான படிப்பு இல்லை என்பது.

2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தை ஏற்கவில்லை. துடைப்பம் பிடித்து கூட்டுவதற்கும், செடிக்கு தண்ணீர் ஊற்றுவதற்கும் ஏட்டுப் படிப்பு தேவைப்படவில்லை, சேர்க்கும்போதும் அதை பெரிதாக கேட்கவில்லை, இத்தனை ஆண்டு கழித்து அதை காரணம் காட்டக்கூடாது என்ற முடிவுக்கு நீதிபதிகள் வந்தார்கள். உமாதேவி தீர்ப்பை கேடயமாக பிடித்துக்கொண்டு ஊழியர்களை சுரண்டக்கூடாது என்றும் கண்டித்தார்கள்.

நீக்கிய உத்தரவு ரத்து. உடனே வேலை. வேலையும் நிரந்தரம்!

மணலி பக்கம் கவனிக்க வேண்டியது

இதைப் படித்துவிட்டு "நமக்கும் நிரந்தரம் வந்துவிட்டது" என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது.

மேலே சொன்ன டெல்லி ஊழியர்களை வேலைக்கு வைத்தது அரசு நிறுவனமே. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-லும், உரத் தொழிற்சாலை 1971-லும் உற்பத்தி தொடங்கிய நாளில் இருந்து இந்தப் பக்கத்து ஆட்களுக்கு காண்டிராக்டர் என்ற சொல் வீட்டுச் சொல் ஆகிவிட்டது. காண்டிராக்டர் மூலம் போகிறவர்களுக்கு சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது: காண்டிராக்டு முறையை ஒழித்தாலும் தொழிலாளி தானாக கம்பெனி ஊழியர் ஆகிவிட மாட்டார். காண்டிராக்டு என்பது வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும். அந்தக் கதவை தாண்டிய பிறகுதான் படிப்பு, அனுபவம் என்ற பேச்சே வரும்.

நிரூபிப்பதற்கு என்ன வேண்டும்? காகிதம் வேண்டும். கேட் பாஸ், சம்பள சீட்டு, பி.எப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, வருகைப் பதிவு நகல். மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் புகும் இடங்களில் இவை முதலில் நனைந்து போகின்றன. ரேஷன் கார்டை எங்கே வைக்கிறார்களோ அங்கே இதையும் வைக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் பையன்களும் பெண்களும் கவனிக்க வேண்டியது மூன்று விஷயம்.

தபால் வழியில் பட்டப்படிப்புக்கு பணம் கட்டும் முன்பு பத்தாவதையும் பிளஸ்-2-வையும் தனித்தேர்வராக எழுதி முடிக்க வேண்டும். பெயில் ஆன பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விளம்பரத்தில் கேட்ட படிப்பு, மனு போட கடைசி நாள் அன்றே கையில் இருக்க வேண்டும். "ரிசல்ட்டு அடுத்த வாரம் வந்துடும் சார்" என்றால் எடுபடாது. இதையும் 1997-ம் ஆண்டே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

படிப்பு கூட இருந்தாலும் குறைய இருந்தாலும் மனுவில் மறைக்கக்கூடாது. மறைத்து வாங்கிய வேலை எத்தனை ஆண்டு கழித்தும் போகும்.

டீக்கடையில் கேட்ட அந்த அண்ணன் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். பெரிய படிப்பு இருக்கும்போது சின்னப் படிப்பு எதற்கு என்றால், வாசலில் நிற்கும்போது சட்டம் அதைத்தான் முதலில் கேட்கிறது. அந்தப் பையனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பி.ஏ. பட்டத்தை பெட்டியில் வைத்துவிட்டு பத்தாவது பரீட்சைக்கு பணம் கட்டலாம். ஆனால் பத்தாவதும் பிளஸ்-2-வும் முடிந்தாலும் பழைய பட்டம் உயிர் பெறாது. இரண்டையும் முடித்த பிறகு வாங்கும் பட்டம்தான் செல்லும்.

படிக்க வயது தாண்டிய அண்ணனுக்கோ அந்த சம்பள சீட்டுக் கட்டுதான் சர்டிபிகேட்டு. அதை பத்திரமாக வைத்திருக்கட்டும்!